கோட்டில் விழுந்த பள்ளம்

கதவைச் சாத்த வேண்டாம் மேடம். கொசு வரத்தான் செய்யும், வரட்டும். ஒரகடத்துக் கொசுவுக்கு நாங்கள் பழகிவிட்டோம், உங்களுக்குத்தான் தடிப்பு தடிப்பாக ஆகிவிடுகிறது. மேஜை மேல் இருக்கிற களிம்பை வேண்டுமானால் தடவிக்கொள்ளுங்கள். கதவு மட்டும் திறந்தே இருக்கட்டும்.

வாட்ச்மேனிடம், மேடத்துக்குத் தலைவலி மாத்திரை கொடுக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் மேலே உங்கள் கெஸ்ட் ரூமுக்கு ஏறி வந்தேன். நான் சொன்னால் எல்லாரும் நம்புகிறார்கள். போலீஸும் நம்பியது. ஷெர்லினை மணிமங்கலத்தில் அடக்கம் செய்த அன்று நான் அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள், யாரும் அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று ஷெர்லினின் அம்மாவே சொன்னார்கள். அவர்களே எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தார்கள்.

நாளைக் காலையில் கேஸ் சிலிண்டர் மாட்டுகிற கோதண்டராமன் அண்ணனைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அவருடைய வீட்டுக்கார அம்மா பாப்பம்மாள் அக்கா நம் கேட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போகும்போதும் வரும்போதும் என்னைப் பார்க்கிறார்கள். அதே காலையில் நீங்களும் பெட்டியைப் பற்றி உங்கள் ஆட்களுக்குச் சொல்லப் போகிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் நான் பேசிவிட வேண்டும். அண்ணனுக்காகத்தான் வந்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன் மேடம். வரிசை தப்பினால் எனக்குக் குழம்பிவிடும்.

நானும் ஷெர்லினும் ஒரே நாளில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தோம். நான் வாலாஜாபாத்துக்குப் பக்கத்து ஊர், அவள் மணிமங்கலம். ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோவில் முதல் நாளே என் மடியில் பாதி உட்கார்ந்துகொண்டு வந்தாள். ஹாஸ்டலில் ஒரே ரூம். நம் கம்பெனி அப்போது ஆஸ்பத்திரி ஸ்கேன் மெஷின்களுக்குக் குளிர்க் கலம் மட்டும்தான் செய்துகொண்டிருந்தது. பிறகுதான் உங்கள் பெட்டி வந்தது.

நீங்கள் பெங்களூரிலிருந்து வந்து, எங்களை உட்காரவைத்து, லேப்டாப்பில் ஒரு படம் காட்டினீர்கள். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். அதற்கு ஓரத்தில் மங்கலாக ஒரு புள்ளி.

"அந்த வட்டம் இன்னா மேடம், கிரகணமா?" என்று கேட்டாள் ஷெர்லின்.

"அங்கதான் நட்சத்திரம் இருக்கும்மா. அதோட வெளிச்சம் கண்ணக் கூசும்னு மறைச்சிட்டோம். ஓரத்துல இருக்கிற புள்ளியப் பாரு. அது ஒரு கோள். நம்ம வியாழனை விடப் பெரிசு. ஆனா வயசு ரொம்பக் கம்மி. உருவான சூடே இன்னும் ஆறல."

"பச்சக் கொயந்த மாதிரியா?"

நீங்கள் சிரித்தீர்கள். "ஆமா, அப்படி வெச்சுக்கோ. அந்தச் சூட்டுலதான் மினுங்குது. அந்த வெளிச்சத்தப் பிரிச்சுத் திரையில கோடா வரைஞ்சு பார்த்தா, அதச் சுத்தி என்னென்ன வாயு இருக்குன்னு தெரிஞ்சிடும். நீராவி, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு. ஒவ்வொண்ணும் கோட்டுல அதுக்குன்னு ஒரு இடத்துல பள்ளம் போடும்."

"அப்ப, அது இன்னா மூச்சு வுடுதுன்னு கண்டுபுடிக்கிற பெட்டி."

நீங்கள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இத நான் என் ஸ்டூடண்ட்ஸ்கிட்ட சொல்லுவேன்" என்றீர்கள். நானும் அதையேதான் நினைத்திருந்தேன் மேடம். எனக்கு வாய் வரவில்லை, அவளுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். அதற்காக நான் அவள்மேல் கோபப்பட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

பெட்டியைச் சோதிக்க நீங்கள் ஹாலின் மூலையில் அந்தக் கூண்டைக் கட்டச் சொன்னீர்கள். பிளாஸ்டிக் சுவர், உள்ளே கறுப்புத் துணி, நுழைய ஒரு நீள ஜிப். உள்ளே ஒரு பக்கம் பெட்டி, எதிரே கோளுக்குப் பதிலாக ஒரு சின்ன விளக்கு. நாங்கள் அதற்குக் குட்டி என்று பேர் வைத்தோம். சாதாரணக் காற்றில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் இருப்பதால், குட்டியின் வெளிச்சம் பெட்டிக்குப் போவதற்குள் நம் காற்றின் பள்ளம் அதில் விழுந்துவிடும். அதனால் கூண்டிலிருந்து காற்றை விரட்டிவிட்டு நைட்ரஜனை நிரப்ப வேண்டும். நைட்ரஜன் ஓடும்போது யாரும் உள்ளே போகக் கூடாது. சுவரில் எழுதி ஒட்டினீர்கள். ஆக்சிஜன் குறைந்தால் அலறுகிற கருவி ஒன்றையும் கூண்டுக்கு வெளியே மாட்டினீர்கள்.

அந்தக் கருவி எப்போதும் அலறிக்கொண்டே இருந்தது மேடம். கூண்டிலிருந்து வழிந்து வருகிற நைட்ரஜன் அதன்மேல்தான் போகும். பக்கத்து லைன்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். அதனால் ரப்பர் கையுறை ஒன்றை அதன் தலையில் மாட்டி, அடியில் ரப்பர் பேண்ட் போட்டுவிடுவது வழக்கமானது. கையுறைக்குள் வாயால் ஊதக் கூடாது, நாம் விட்ட மூச்சில் ஆக்சிஜன் குறைவு, அதற்கும் அலறும். வாசல் பக்கம் போய்க் கையுறையை வீசி வெளிக்காற்றைப் பிடித்து வந்து மாட்ட வேண்டும். மாட்டினால் அந்தக் கருவி நாள் முழுக்க நல்ல காற்றை நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். இதைக் கோதண்டராமன் அண்ணன் ஆரம்பித்தார். பிறகு எல்லாரும் செய்தோம். நீங்கள் ஊரிலிருந்து வருகிற நாளில் மட்டும் கழற்றி வைத்துவிடுவோம்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியாது. உள்ளே ஏதாவது சின்ன வேலை விட்டுப்போயிருந்தால், நைட்ரஜனை நிறுத்தி, காற்றோட்டம் விட்டு, மறுபடி நிரப்ப அரை நாள் போய்விடும். அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, வேலையை முடித்துவிட்டு ஓடி வந்துவிடுவோம். ஒருவர் உள்ளே போவார், இன்னொருவர் வெளியே நின்று ஜிப்பைச் சாத்தித் திறப்பார்.

"மூச்சப் புடிச்சிகினு போ, வுடறதுக்குள்ள வந்துடு. உள்ள நின்னுகினு ரோசன பண்ணாத, அது ரோசன பண்ற எடம் இல்ல" என்பார் அண்ணன்.

ஷெர்லின் இதில் கெட்டிக்காரி. சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருந்ததால் அவளுக்கு மூச்சு நீளம். வெளியே வந்த பிறகும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்று எங்களுக்குப் பயம் காட்டுவாள். "செத்துட்டேன்டி, எங்கம்மாவுக்குப் போன் போடு" என்று கண்ணை மூடிக்கொள்வாள். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிப்பேன்.

முதல் சோதனை மழையால் போனது, ஹாலில் ஈரம் ஏறிவிட்டது. இரண்டாவதில் யாரோ ஜிப்பைச் சரியாகச் சாத்தவில்லை. மூன்றாவதும் போனால் பெட்டியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றீர்கள். நீங்கள் மிரட்டவில்லை, வருத்தப்பட்டுத்தான் சொன்னீர்கள். சனிக்கிழமை கிளம்பும்போது ஹாலில் ஷெர்லினும் நானும் நின்றோம். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"எழில், இந்த ரன் உன் பொறுப்பு. உன்ன நம்பித்தான் போறேன்."

எழிலரசி என்கிற பெயரை வீட்டில் யாரும் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு ஹாஸ்டலில் ஷெர்லின் நடித்தே காட்டினாள். "எழில், உன்ன நம்பித்தான்டி இந்த உலகமே கீது. குட்டிக்குப் பால் குடுத்துட்டுத் தூங்கு." அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை மேடம். அவள் அப்படிப்பட்டவள்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு ஆட்கள் குறைவு. பக்கத்து லைன் முழுக்க நின்றிருந்தது. காலையில் அண்ணன் வந்து நைட்ரஜனைத் திறந்துவிட்டார். கருவி அலறியது.

"இன்னிக்கு க்ளவுசு வாணாம் தங்கச்சி. ஆளே இல்ல, கத்தினா கத்திட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டு, பையை இங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனார், ரன் முடிந்து கேஸை மூடத்தான் திரும்பி வருவார்.

கையுறையை நான்தான் மாட்டினேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு நீங்கள் போன் செய்வதாகச் சொல்லியிருந்தீர்கள். பின்னால் அலறிக்கொண்டிருந்தால் உங்களிடம் எப்படிப் பேசுவது? வாசலுக்குப் போய் வெளிக்காற்றைப் பிடித்து வந்து மாட்டினேன். அந்த நாளில் அண்ணன் அதைத் தொடவே இல்லை.

பிறகு திரையைப் பார்த்தேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. வெளிச்சமே இல்லை. குட்டியின் மேல் இருக்கிற தூசி மூடியைக் கழற்றாமல் ஜிப்பைச் சாத்தியிருக்கிறேன். கழற்ற வேண்டியது நான்தான். வேறு யார் மேலும் சொல்ல முடியாது.

நிறுத்தி, திறந்து, மறுபடி நிரப்பியிருக்கலாம். நீங்கள் போன் செய்யும்போது ரன் ஓடிக்கொண்டிருக்காது, அவ்வளவுதான். நீங்கள் திட்டியிருக்க மாட்டீர்கள். பரவாயில்லம்மா என்று சொல்லியிருப்பீர்கள். அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் கேட்க முடியாது.

அப்போது ஷெர்லின் வந்தாள். அவளுக்கு அன்று வேலையே இல்லை. சர்ச்சிலிருந்து நேராக, மஞ்சள் பட்டுச் சுடிதாரில், கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தாள். நான் தனியாக இருப்பேன் என்று வந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி பேயறஞ்சா மாதிரி கீது?"

சொன்னேன்.

"இவ்ளோதானா? மூடிய எடுத்துட்டு வர எம்மா நேரம் ஆவும்? நவுரு."

போலீஸிடம் இந்த இடத்தில் வேறு மாதிரி சொன்னேன். அவள் ஓய்வு அறையில் தூங்கப் போனாள், சாயங்காலம் ரன் முடிந்து நான் பாத்ரூம் போயிருந்த நேரத்தில் எனக்குத் தெரியாமல் கூண்டுக்குள் போயிருக்கிறாள் என்று சொன்னேன். உங்களிடம் உள்ளபடி சொல்கிறேன். எனக்கு அன்று சளி, இருமல். என்னால் மூச்சைப் பிடிக்க முடியாது. அவள் நவுரு என்றாள், நான் நகர்ந்தேன். நான் போகச் சொல்லவில்லை.

சரி. "நீ போடி, ப்ளீஸ்" என்று சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

பட்டின் மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டாள். முடியைத் தொப்பிக்குள் திணித்தாள். "ரிசப்ஷனுக்குப் போற பொண்ண வெச்சு வேல வாங்கறியே, உருப்படுவியா நீ" என்றாள். இழுத்து மூச்சு வாங்கி, கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிவிட்டு உள்ளே போனாள். நான் ஜிப்பைச் சாத்தினேன்.

திரை வைத்த டிராலி கூண்டை ஒட்டியே இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். ஒரு கை ஜிப்பில் இருக்கும்போதே திரையையும் பார்க்கலாம். கோடு எழுந்தது மேடம். அதுவரை படுத்துக்கிடந்தது, மூடி கழன்றதும் ஒரே அடியாக மேலே வந்தது. அவ்வளவு சுத்தமான கோட்டை நான் பார்த்ததே இல்லை. மழை நாளில் பார்த்தது எல்லாம் மேடும் பள்ளமும்தானே. உடனே பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ரன்னை ஆரம்பித்தேன். அதை ஏன் அந்த நொடியில் செய்தேன் என்று யோசித்திருக்கிறேன். அவள் வெளியே வந்த பிறகு ஆரம்பித்திருக்கலாம். ஆனால் ஜிப்பைத் திறந்தால் கொஞ்சம் காற்று உள்ளே போகும், கோடு கலங்கும், தெளிய நேரம் ஆகும். இது இப்படியே இருக்கும்போதே முதல் படம் பதிந்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. ஒரு படம் ஒரு நிமிஷம். ஷெர்லினுக்கு ஒரு நிமிஷம் எல்லாம் ஒன்றுமே இல்லை.

அவள் தட்டியது எனக்குக் கேட்கவில்லை.

கேட்டது மேடம். முதலில் பாட்டுத் தாளம் போலத் தட்டினாள், அது அவள் வழக்கம். "இருடி, ஒரு நிமிஷம். ஒரே ஒரு படம்" என்றேன். அவள் பதில் சொல்ல முடியாது, மூச்சு போய்விடும். திரும்பத் தட்டினாள். இந்தத் தடவை தாளம் இல்லை. "பயம் காட்டாதடி" என்றேன். அவள் எப்போதும் பயம் காட்டுகிறவள்தானே.

ஜிப்புக்கு உள்பக்கமும் பிடி இருக்கிறது. அது அசைந்தது. நான் என் பக்கத்துப் பிடியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பலமாக எல்லாம் பிடிக்கவில்லை. குழந்தை கதவைத் தள்ளினால் நாம் இந்தப் பக்கம் எவ்வளவு பிடிப்போமோ, அவ்வளவுதான். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அப்போது கோட்டில் பள்ளம் விழுந்தது. நீராவியின் இடத்தில் ஒன்று, கார்பன் டை ஆக்சைடின் இடத்தில் ஒன்று. எந்த வாயுவின் பள்ளம் எங்கே விழும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள், அதனால் பார்த்த உடனே புரிந்தது. மூச்சை விட்டுவிட்டாள். விட்டால் அடுத்து இழுப்பாள், இழுக்க அங்கே ஒன்றும் இல்லை. பெட்டி அவ்வளவு துல்லியமாக வேலை செய்தது. பள்ளம் நடுங்கிக்கொண்டே ஆழமானது. பிறகு ஆழமாவது நின்றது.

கனமான எதுவோ துணியில் உரசிக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. மெதுவான சத்தம்தான்.

விழுந்த உடனே யாராவது திறந்து இழுத்துப் போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நேற்று கம்பெனி டாக்டர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் எப்படி யோசித்தேன் என்று கேளுங்கள். நைட்ரஜன் விஷம் இல்லை. நாம் இழுக்கிற காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். விஷம் இல்லாத ஒன்று ஒரு ஆளை என்ன செய்துவிடும்? மயக்கம்தான் வரும். மயக்கம் தெளிந்தால் எழுந்துகொள்வாள். திறந்தால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மூடியை மறந்தது, கையுறை மாட்டியது, ஆளை அனுப்பியது, எல்லாம். அவளே கூட, எழுந்த பிறகு, இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உங்களிடமும் சொல்வாள், நீங்களும் சிரிப்பீர்கள்.

அதனால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருந்ததால் உள்ளே இருந்த அவள் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. பள்ளம் மேலே வந்தது. மறுபடி விழுமா என்று பார்த்தேன். மறுபடி விழுந்தால் திறந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அது சத்தியம். விழவில்லை.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது. உங்களிடம் சொல்லலாம். நிம்மதியாக இருந்தது மேடம்.

மூன்று மணிக்கு நீங்கள் போன் செய்தீர்கள்.

"எப்படிப் போகுது எழில்?"

"கோடு நேரா வருது மேடம்."

"சூப்பர்டா. சாப்பிட்டியா?"

"சாப்ட்டேன் மேடம்."

அது பொய் இல்லை. ஷெர்லின் கொண்டுவந்த பிரியாணியைச் சாப்பிட்டிருந்தேன். அப்படியே வைத்தால் யார் கொண்டுவந்தது என்று கேட்பார்கள் என்று சாப்பிட்டேன். அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் ரன் முடிந்தது. சேமித்தேன். இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபடி இரண்டு இடத்திலும் சேமித்தேன். பிறகு ஜிப்பைத் திறந்தேன். அவள் முட்டியை மடக்கி, ஜிப்பின் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தாள். மூடி அவள் கையிலேயே இருந்தது. வாங்கி இடத்தில் வைத்தேன். கையுறையைக் கழற்றினேன். கருவி உடனே அலறியது. அதற்கு மேல்தான் நானும் அலறினேன். அது நடிப்பு இல்லை மேடம். எல்லாம் சேர்ந்து அப்போதுதான் வெளியே வந்தது.

ஓடி வருகிறவர்கள் என் கையில் கையுறையைப் பார்க்கக் கூடாது. அண்ணனுடைய பை கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் போட்டேன். அவரை மாட்டிவிட வேண்டும் என்று போடவில்லை. எங்கேயாவது போட வேண்டும், அது கைக்கு எட்டியது. அவர்தான் வழக்கமாக மாட்டுகிறவர் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அல்லது கொஞ்சம் முன்னால். பையில் கையுறையைப் பார்த்துப் போலீஸ் கேட்டபோது அவர், "வழக்கமா மாட்றதுதான் சார், ஆனா அன்னிக்கு நான் மாட்டல" என்றாராம். முதல் பாதியை எழுதிக்கொண்டார்கள். என்னிடம் கேட்டபோது, அண்ணன் எப்போதும் மாட்டுவார் என்று சொன்னேன். அதுவும் பொய் இல்லை.

இப்போது எனக்கு என்ன ஆகிறது என்றால், மேடம், கம்பெனி பஸ்ஸில் ஏ.சி. போடுகிறார்கள் இல்லையா, ஜன்னல் கண்ணாடியில் என் மூச்சு படிகிறது. துடைத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்து சீட்டுக் கண்ணாடியிலும் படிந்திருக்கிறது. அங்கே யாரும் இல்லை. அது சின்னதாகும், பெரிதாகும். பாட்டுப் பாடுகிறவர்கள் மூச்சு வாங்குகிற மாதிரி, நீளமாக. ஹாஸ்டலில் அவள் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை. கண்ணை மூடினால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். என்னை அறியாமல் பிடித்துக்கொள்கிறேன். நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஆகித்தான் விழிப்பு வருகிறது. விழித்ததும் காதில் அந்தத் தட்டல் கேட்கிறது, தாளமாக இருக்கிற முதல் தட்டல். இரண்டாவது தட்டலைக் கேட்கக் கூடாது என்று எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறேன். ரூம் கதவையும் திறந்து வைத்துவிடுகிறேன். வார்டன் திட்டுகிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது மேடம். பத்தொன்பது வயசுக்கு ஜெயில் எப்படி இருக்கும் என்று தெரியாது. என் அப்பாவை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஷெர்லினின் அம்மா எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தார்களே, அந்தக் கையை நினைத்தால் பயமாக இருக்கிறது. இது எதற்கும் நான் உங்களிடம் வந்திருக்க மாட்டேன். அண்ணனைக் கூட்டிப்போன அன்றே வந்திருக்கலாம், வரவில்லை. நேற்றும் வரவில்லை. இதை நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

இன்று மாலை நீங்கள் ஹாலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் டிராலியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "ரன் ஓடும்போது உள்ள யாரும் போகல, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அப்ப ஆரம்பத்துல இருக்கிற பள்ளம் பெட்டியோடது. எங்கயோ ஈரம் கசியுது. இத வெச்சுக்க முடியாது, திருப்பி அனுப்பிடலாம்" என்றீர்கள். குரல் ரொம்ப சோர்ந்திருந்தது. நான் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்து, "பரவாயில்லம்மா எழில், உன் மேல தப்பு இல்ல" என்றீர்கள்.

அதைத் தாங்க முடியவில்லை. பெட்டியில் எந்தக் கசிவும் இல்லை மேடம். நானும் சேர்ந்து திருகாணி முடுக்கிய பெட்டி அது. ஒரு பெண் ஒரே ஒரு தடவை விட்ட மூச்சை அவ்வளவு தெளிவாகப் பிடித்திருக்கிறது. மலை உச்சியில் தொலைநோக்கியில் மாட்டினால் அந்தக் கோள்களை எப்படிப் பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லேப்டாப்பைத் திறங்கள். அண்ணன் விஷயத்தைக் காலையில் பேசிக்கொள்ளலாம், கோர்ட்டுக்குப் பத்து மணிக்குத்தான் கொண்டுபோவார்கள். ஆரம்பத்தில் இருக்கிற அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிடுங்கள், அது ஷெர்லின். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் ஒரு பிசிறு கிடையாது, நூல் பிடித்த மாதிரி வந்திருக்கிறது. எனக்குத் தெரியும் மேடம். அது நேராகும் வரைக்கும் நான் ஜிப்பிலிருந்து கையை எடுக்கவே இல்லை.